புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பராமரிக்கும் வேலைக்கு நான் வரலாமா?

"பள்ளிப் படிப்பு முடியப் போகிறது. புற்றுநோய் வந்த குழந்தைகளோடு வேலை செய்ய வேண்டும் என்று ஆசை. டாக்டருக்குப் படிப்பதா, நர்சிங்கா, வேறு ஏதாவதா என்று குழப்பமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும், 'உனக்கு இளகின மனசு, நீ தாங்க மாட்டே' என்கிறார்கள். எனக்கு இது சரிப்பட்டு வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நெடுங்காலம் நர்ஸாக இருந்தவள். இப்போது அதே வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் சொல்வதை எடுத்துக்கொள்வோம். இளகிய மனசு இந்த வேலைக்குத் தடையே இல்லை. சட்டென்று கண் கலங்குகிறவர்கள் பல வருடம் நிலைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். விட்டுப் போனவர்களில் பலரை விரட்டியது துக்கம் இல்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதும், நூறாவது தடவையும் முதல் தடவை போலவே கவனமாகச் செய்வதும்தான் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே "என்னால் தாங்க முடியுமா" என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "சலித்துப் போகாமல் என்னால் கவனமாக இருக்க முடியுமா" என்று முதலில் உங்களைக் கேட்டுப் பாருங்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த வார்டு என்றாலே சாவுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் அது உண்மை. 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், கடுமையான இரத்தப் புற்று வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்ததை எழுதினார். தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் மருந்துக்கு இந்த நோய் அசையும் என்று அன்றுதான் நம்பிக்கை வந்தது. 1962-இல் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறந்த சமயத்தில்கூட, குழந்தைகளுக்கு அதிகமாக வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றில் பிழைத்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். அங்கே டொனால்ட் பிங்கெலும் அவர் குழுவும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளையிலும் தண்டுவடத்திலும் ஒளிந்திருக்கும் புற்றுச் செல்களையும் குறிவைத்தார்கள். அறுபதுகளின் கடைசியில் பாதிப் பேர் பிழைக்க ஆரம்பித்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் அதே நோயில் நூற்றுக்கு 90 பேர் அளவில் குணமாகிறார்கள்.

இந்த முன்னேற்றம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது. இந்த நோய்க்கு இன்றும் முதுகெலும்பாக இருக்கும் மருந்துகள் பெரும்பாலும் பழையவை. வின்கிறிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், ஆஸ்பராஜினேஸ், ஸ்டீராய்டு எல்லாமே அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்தவைதான். வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. புதிய மருந்துகளும் வந்திருக்கின்றன. ஆனால் நான்கிலிருந்து தொண்ணூறுக்கு வந்ததில் பெரும்பங்கு, இருந்த மருந்தையே எந்த அளவில், எந்த வரிசையில், எவ்வளவு நாள் கொடுப்பது, எந்தக் குழந்தைக்கு அதிகம் வேண்டும், எந்தக் குழந்தைக்குக் குறைவாகப் போதும் என்று படிப்படியாகக் கண்டுபிடித்ததால் வந்தது. கூடவே கிருமித்தொற்றை உடனே பிடித்தது, இரத்தமும், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களும் நேரத்துக்கு ஏற்றியது, வாய்ப்புண்ணையும் எடைக்குறைவையும் விடாமல் கவனித்தது. மருந்து புற்றைக் கொல்கிறது. அந்த மருந்தையும் தாண்டிக் குழந்தை உயிரோடு இருப்பது பக்கத்தில் நிற்கிறவர்களின் கவனத்தால்.

அந்தக் கவனம் எப்படிப்பட்டது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். வின்கிறிஸ்டினை நரம்பூசி வழியாக இரத்தத்தில்தான் செலுத்த வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டைச் சில நாட்களில் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் செலுத்துவார்கள். இரண்டும் ஒரே குழந்தைக்கு, ஒரே சிகிச்சைத் திட்டத்தில் வருகிற மருந்துகள். வின்கிறிஸ்டின் தவறிப்போய் முதுகில் போய்விட்டால் அநேகமாக உயிர் மிஞ்சாது. உலகின் பல நாடுகளில் இந்தத் தவறு நடந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் எடுத்து வைக்காமல், சின்ன சலைன் பையில் கலந்தே தயாரிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பையைத் தவறிப்போய் முதுகு ஊசியில் மாட்டுவது ஏறக்குறைய நடக்காத காரியம். அப்படியும் ஒவ்வொரு தடவையும் இரண்டு நர்ஸ்கள் படுக்கைப் பக்கத்தில் நின்று குழந்தையின் பெயர், எடை, உடல்பரப்பு, மருந்து, அளவு, செலுத்தும் வழி, தேதி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்போம். ஒருவர் தலையாட்டி மற்றவர் கையெழுத்துப் போடுவது கிடையாது. இரண்டு பேரும் தனித்தனியே கணக்குப் போட வேண்டும். ஷிஃப்ட் முடிகிற நேரம், கால் வலி, பக்கத்துப் படுக்கையில் ஒரு அலாரம், "சிஸ்டர், எவ்வளவு நேரம்?" என்று ஒரு அப்பா. அந்த நேரத்திலும் நீங்கள் பையில் ஒட்டிய சீட்டை முழுசாகப் படிப்பீர்களா? படிப்பேன் என்றால் இந்த வேலைக்கு வேண்டிய முக்கியமான குணம் உங்களிடம் இருக்கிறது.

காய்ச்சலும் அப்படித்தான். கீமோ, அதாவது புற்றைக் கொல்லும் மருந்துச் சிகிச்சை, முடிந்த ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளையணுக்கள் அடியோடு இறங்கிவிடும். கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் அணுக்கள் ஐந்நூறுக்குக் கீழே போயிருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் நின்றால், ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் போய்விட வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. பார்ப்பதற்குக் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும், இரண்டு மணி நேரத்தில் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். இங்கே அம்மாக்கள் சொல்வதற்குக் காது கொடுக்கத் தெரிய வேண்டும். "காய்ச்சல் இல்லை, ஆனா ஏதோ சரியில்லை சிஸ்டர்" என்று ஒரு அம்மா சொன்னால், தெர்மாமீட்டரை மட்டும் நம்பாமல் குழந்தையின் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நாடி பார்க்க வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும். நடு இரவில் டாக்டரை எழுப்பத் தயங்குகிறவர்கள் அந்தத் தயக்கத்தை முதல் மாதத்திலேயே விட்டுவிட வேண்டும்.

சரி, குழந்தையிடம் வருவோம். உங்களை இந்த வேலை பக்கம் இழுத்தது குழந்தைகள்தானே.

பல குழந்தைகளுக்கு மார்பில் தோலுக்கு அடியில் போர்ட் என்ற சின்னக் கருவியைப் பொருத்தியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய இரத்தக்குழாய் வரை போகும். ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றும்போதும் கையில் நரம்பு தேடிக் குத்த வேண்டாம், தோல் வழியாகப் போர்ட்டில் ஒரே ஒரு ஊசி போதும். ஒரு நான்கு வயதுப் பையன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் கிரீமைத் தடவி மூடிவைத்திருப்போம். அவனைப் படுக்க வைத்துக் கையைக் காலைப் பிடிக்கக் கூடாது. அப்பாவோ அம்மாவோ மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து அணைத்துக்கொள்ள வேண்டும். படுக்க வைத்து அமுக்கினால் பயம் இரண்டு மடங்காகும், அடுத்த தடவை வாசலிலேயே அழ ஆரம்பித்துவிடுவான். இதே ஊசியை முதலில் அவன் பொம்மைக்குப் போடச் சொல்லலாம். அப்புறம் அவனிடம் சொல்வேன்: "குளிர்ச்சியா துடைப்பேன். ஒரு அழுத்தம் தெரியும், சுருக்னு ஒரு நொடி இருக்கும், அவ்வளவுதான். அசையாம இருக்கிறது உன் வேலை. கத்தணும்னா நல்லா கத்து. நீ எண்ணு, மூணு சொன்னதும் நான் போடறேன்." அவன் மூன்று சொன்ன பிறகுதான் போட வேண்டும். இரண்டிலேயே குத்திவிட்டால் அந்தக் குழந்தை உங்களை மறுபடி நம்பாது, மற்ற நர்ஸ்களையும் நம்பாது. சில சமயம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அரை நிமிடம் ஓடும். காத்திருங்கள்.

"வலிக்காது" என்ற சொல்லை இந்த வேலையில் மறந்துவிடுங்கள். வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் என்றும் சொல்ல வேண்டும். லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுக்குச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று வருடம் நடக்கும். இன்று ஒரு பொய் சொல்லி ஒரு ஊசியைச் சுலபமாகப் போட்டுவிடலாம். அதற்குப் பிறகு அதே குழந்தையோடு வருடக்கணக்கில் இருக்க வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயது ஏற ஏற விஷயம் மாறும். பதின்மூன்று, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு முடி கொட்டுவதும், ஸ்டீராய்டில் முகம் வீங்குவதும், நண்பர்கள் வராமல் போவதும் நோயைவிடப் பெரிய விஷயமாகத் தெரியலாம். "முடி திரும்ப வளரும், அதுக்குப் போய் அழறியா?" என்று சொல்லிவிடாதீர்கள். சில மருந்துகளும் கதிர்வீச்சும் பின்னாளில் குழந்தை பெறும் சக்தியைப் பாதிக்கும். அதனால் பருவம் எய்திய பையனிடம், சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும். நோய் என்ன என்று தெரிந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது, பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். கூச்சப்படாமல், அவனையும் கூச வைக்காமல், தனியாக அழைத்துப் பேசத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வார்டிலும் ஒருவராவது வேண்டும். சின்னக் குழந்தைகளோடு நன்றாகப் பழகத் தெரிந்த எல்லோருக்கும் இது வருவதில்லை. எனக்குத் தெரிந்து, வளர்ந்த பிள்ளைகளோடு மட்டும் அற்புதமாக ஒட்டிக்கொள்ளும் நர்ஸ்களும் உண்டு. உங்களுக்கு எந்த வயது ஒத்துவரும் என்று உள்ளே வந்த பிறகுதான் தெரியும்.

பெற்றோரைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லா அம்மா அப்பாவும் என்றாவது ஒரு நாள் கேட்பார்கள்: "நான் என்ன தப்பு பண்ணினேன்?" பெரியவர்களுக்கு வரும் பல புற்றுகளைப் போல இதற்குப் புகை, பழக்கவழக்கம் என்று காரணம் காட்ட முடியாது. பத்தில் ஒரு குழந்தை அளவில்தான் பிறவியிலேயே மரபணுவில் ஒரு கோளாறு இருந்திருக்கும். மற்றவர்களுக்குச் செல் பிரியும்போது நேர்ந்த பிழைதான், யாரும் செய்த குற்றம் இல்லை. இதை ஒரு தடவை சொன்னால் போதாது. அவர்கள் கேட்கிற ஒவ்வொரு தடவையும், முதல் தடவை கேட்பது போலக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் வீட்டில் இருக்கும் அண்ணன், தங்கை. அம்மா மருத்துவமனையிலேயே இருப்பதால் யார் கண்ணிலும் படாமல் வாடிப்போகும் பிள்ளைகள் அவர்கள். பார்க்க வரும்போது அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அவர்களையும் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் உண்மையில் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆம், சில குழந்தைகள் இறந்துபோவார்கள். சிகிச்சை எவ்வளவு முன்னேறினாலும் சில மூளைக் கட்டிகளிலும், பரவிவிட்ட நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றிலும், திரும்பத் திரும்ப வரும் இரத்தப் புற்றிலும் நம் கையில் ஒன்றும் இல்லாத நிலை வரும். அப்போது நமக்கு வேலை முடிந்துவிடுவதில்லை. பாஸ்டனில், புற்றுநோயில் குழந்தையை இழந்த பெற்றோரிடம் கேட்டு 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், கடைசி மாதத்தில் வலி, மூச்சுத்திணறல், அசதி போன்ற ஏதாவது ஒரு துன்பத்தில் குழந்தை மிகவும் கஷ்டப்பட்டது என்று நூற்றுக்கு 89 பேர் சொன்னார்கள். அந்தக் கஷ்டத்தில் பெரும்பகுதியைக் குறைக்க முடியும். மார்ஃபினைச் சரியான அளவில், நேரம் தவறாமல், பயப்படாமல் கொடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். வலி நிவாரண சிகிச்சையைக் கடைசி வாரத்தில் தொடங்காமல், நோய் தெரிந்த நாள் முதலே கூடவே நடத்த வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் இதைக் கற்றே ஆக வேண்டும்.

குழந்தையிடம் சாவைப் பற்றிப் பேசலாமா என்று புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்வீடனில் குழந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெற்றோரிடம் எடுத்த ஆய்வு 2004-இல் வந்தது. குழந்தையிடம் மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூட, ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாமல் இருந்த 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். அதற்கும் முன்பே, 1970-களில் அமெரிக்காவில் இரத்தப் புற்று வார்டு ஒன்றில் குழந்தைகளோடு இருந்து கவனித்த ஒரு மானுடவியலாளர், யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகளுக்குத் தாங்கள் சாகப் போவது தெரிந்திருந்தது என்றும், பெரியவர்கள் கலங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தெரியாதது போல நடந்துகொண்டார்கள் என்றும் எழுதினார். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தை நேரடியாகக் கேட்காது. "அடுத்த வருஷம் இந்த பெட்ல யார் இருப்பாங்க?" என்று கேட்கும், ஊசி போடும்போதோ படுக்கை விரிப்பு மாற்றும்போதோ. அப்போது பேச்சை மாற்றாமல், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும். "நீ எதை நினைச்சுக் கேட்கிறே, சொல்லு" என்று கேட்டால் போதும், மீதியைக் குழந்தையே சொல்லும். பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் உடைத்துச் சொல்வது உங்கள் வேலை இல்லை. ஆனால் குழந்தை கேட்டது அன்றைக்கே அவர்கள் காதுக்கும் டாக்டர் காதுக்கும் போக வேண்டும், அடுத்து என்ன பேசுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

குழந்தை இறந்த அன்று நீங்கள் அழலாம். பெற்றோர் முன்னால் கண் கலங்குவதில்கூடத் தப்பில்லை. உங்களைத் தேற்றுவது அவர்கள் பொறுப்பாகிவிடக் கூடாது, அதுதான் எல்லை. அன்றே அடுத்த அறையில் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிற குழந்தை ஒன்று, சிகிச்சை முடிந்ததைக் கொண்டாட வார்டு மணியை அடித்துக்கொண்டிருக்கும், அங்கேயும் போய் முழு மனதோடு கைதட்ட வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடிவதை உணர்ச்சி மரத்துப் போனதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் குழந்தையின் சாவும் உங்களைத் தொடாமல் போக ஆரம்பித்தாலோ, விடுமுறை நாளிலும் வார்டு நினைப்பாகவே இருந்து தூக்கம் கெட்டாலோ, சின்ன விஷயத்துக்கெல்லாம் பெற்றோர் மேல் எரிச்சல் வந்தாலோ யாரிடமாவது பேச வேண்டும். மூத்தவர்களிடம், மனநல ஆலோசகரிடம். சில மாதம் வெளிநோயாளர் பிரிவுக்கு மாறிக்கொள்வதும் நல்ல வழி. அங்கே சிகிச்சை முடித்து வளர்ந்துவிட்ட பிள்ளைகள் பரிசோதனைக்கு வருவார்கள். அவர்களைப் பார்ப்பது போல மனதைத் தேற்றுவது வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீமோ மருந்துகள் கையாளுகிறவர்களுக்கும் ஆபத்தானவை. கையுறை, மேலங்கி போட்டுத்தான் தொட வேண்டும். மருந்து போன பின் இரண்டு நாள் வரை குழந்தையின் சிறுநீரையும் வாந்தியையும்கூட அப்படித்தான் கையாள வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களை இந்த மருந்துகளைக் கையாளும் பணியிலிருந்து மாற்றிவிட வேண்டும். இதையெல்லாம் அலட்சியமாக நினைக்கும் இடத்தில் சேராதீர்கள்.

சரி, எந்தப் படிப்பு? மொத்தப் பொறுப்பும் உங்கள் தலையில் இருக்க வேண்டும், நோயை அலச வேண்டும், எந்த மருந்து எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டும் என்றால் மருத்துவம். அதற்கு நாள் பிடிக்கும். அடிப்படை மருத்துவப் படிப்பு ஐந்தாறு வருடம், குழந்தை மருத்துவம் மூன்று வருடமோ அதற்கு மேலோ, அதற்குப் பிறகு புற்றுநோய்ப் பிரிவில் தனிப் பயிற்சி. ஆக மொத்தம் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். டாக்டர் ஒரு குழந்தையோடு ஒரு நாளில் செலவிடும் நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கும். குழந்தைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் நர்சிங்கை எடுங்கள். மூன்று நான்கு வருடத்தில் வேலைக்கு வந்துவிடலாம், கீமோவுக்கும் போர்ட்டுக்கும் தனிப் பயிற்சியை வேலையோடே பெறலாம். நான் நர்ஸ் என்பதால் சொல்லவில்லை, "டாக்டர் சீட் கிடைக்கலே, அதனால் நர்ஸ்" என்று வருகிறவர்களை நினைத்துச் சொல்கிறேன்: இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்று கிடைக்காததற்கு ஆறுதலாக இன்னொன்றை எடுக்காதீர்கள்.

இந்த இரண்டோடு முடிந்துவிடவில்லை. விளையாட்டு மூலம் குழந்தையைச் சிகிச்சைக்குத் தயார் செய்கிறவர்கள் சில நாடுகளில் தனித் தொழிலாகவே இருக்கிறார்கள். கதிர்வீச்சு நடக்கும்போது அறையில் குழந்தை தனியாக, அசையாமல் படுத்திருக்க வேண்டும், அதுவும் பல வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். சின்னக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு நாளும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். இப்படி ஒருவர் பழக்கிவிட்டால் நான்கைந்து வயதுக் குழந்தைகளில் சிலர் மயக்க மருந்தே இல்லாமல் படுத்துக்கொள்கிறார்கள். வின்கிறிஸ்டினால் பாதம் தொங்கிப் போன குழந்தையையும், எலும்புப் புற்றுக்கு அறுவை செய்த பிள்ளையையும் நடக்க வைப்பது பிசியோதெரபிஸ்ட். குழந்தையின் அளவுக்கு மருந்தைக் கணக்கிட்டுக் கலந்து, நாங்கள் கவனிக்காத பிழையையும் பிடித்துத் தருவது ஃபார்மசிஸ்ட். உணவியல் நிபுணர், சமூகப் பணியாளர், உளவியலாளர், மருத்துவமனையிலேயே பாடம் நடத்தும் ஆசிரியர், கட்டித் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயின் பெயரைச் சொல்லும் நோயியல் மருத்துவர் எல்லோரும் சேர்ந்துதான் ஒரு குழந்தை வீட்டுக்குப் போகிறது. உங்களுக்கு எது நன்றாக வருகிறதோ அதைக் கொண்டு உள்ளே வரலாம்.

குணமாகிப் போன பிறகும் வேலை இருக்கிறது. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைப் பலவீனமாக்கலாம், சிஸ்பிளாட்டின் என்ற மருந்து காதைப் பாதிக்கலாம், மூளைக்குக் கொடுத்த கதிர்வீச்சு படிப்பைப் பாதிக்கலாம். பிழைத்து வளர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பெரியவர்களான பின் ஏதாவது ஒரு நாள்பட்ட உடல்நலப் பிரச்சினை இருக்கிறது. இவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் பிரிவுகள் இப்போதுதான் வளர்ந்து வருகின்றன. நீங்கள் வேலைக்கு வரும் காலத்தில் அங்கே ஆள் தேவை இன்னும் அதிகமாக இருக்கும்.

ஆள் தேவை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். உலகத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியுள்ள நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது, பணமில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விடுவது, தொற்றில் இழப்பது என்று காரணங்கள் பல. 2030-க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. இந்த இடைவெளியில் ஒரு பகுதியைப் பயிற்சி பெற்ற கைகளால் அடைக்க முடியும். காய்ச்சலைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஒரு நர்ஸ், சிகிச்சையைப் பாதியில் விட்ட குடும்பத்தைத் தேடிப்போய்ப் பேசத் தெரிந்த ஒரு சமூகப் பணியாளர். உங்கள் ஆசையை வீட்டில் எடுத்துச் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? முதலில் நோயில்லாத குழந்தைகளோடு நேரம் செலவிடுங்கள். பிடிவாதம் பிடிக்கிற மூன்று வயதுக் குழந்தையோடும், பேசவே மாட்டேன் என்கிற பதினைந்து வயதுப் பிள்ளையோடும். அது பிடிக்காவிட்டால் இதுவும் பிடிக்காது. மருத்துவமனையில் தன்னார்வலராக எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். எடுத்துக்கொண்டால் ஒரே நாளில் முடிவு செய்யாமல் வாரத்துக்கு ஒரு நாளாகச் சில மாதம் போங்கள். முதல் நாள் எல்லோருக்கும் நெஞ்சு கனக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சில மாதம் கழித்தும் போக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று பாருங்கள். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் வந்து அதனால் இந்த ஆசை பிறந்திருந்தால், அதுவும் நல்ல காரணம்தான். ஆனால் அந்தத் துக்கம் கொஞ்சம் ஆறிய பிறகு வாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு குழந்தையிலும் அவரையே பார்ப்பீர்கள். சளி கொட்டும்போது மட்டும் வார்டு பக்கம் வரவே வராதீர்கள், தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

படித்து முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சம்பளத்தோடு இவற்றையும் கேளுங்கள். ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தைகள்? சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய் அமைப்பான சியோப் 2014-இல் வெளியிட்ட அடிப்படை நர்சிங் தரங்கள், வார்டில் ஐந்து குழந்தைக்கு ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சையிலும் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவிலும் இரண்டு குழந்தைக்கு ஒரு நர்ஸ் என்கின்றன. பயிற்சி பெற்ற நர்ஸ்களை இந்த வார்டிலேயே வைத்திருப்பார்களா, இல்லை மாதத்துக்கு ஒரு தடவை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போடுவார்களா? கீமோ கலக்குவது ஃபார்மசியிலா, வார்டு மூலையிலா? தனியாக மருந்து செலுத்துவதற்கு முன் எத்தனை வாரம் மூத்த நர்ஸோடு நிற்க விடுவார்கள்? வலி நிவாரணக் குழு உண்டா? ஒரு குழந்தை இறந்தால் அந்த ஷிஃப்டில் இருந்தவர்கள் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குவார்களா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கிடைக்கும் இடம் அரிது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் மூத்தவர்களோடு நின்று பழகும் காலமே கொடுக்காத இடத்தில் முதல் வேலையை ஏற்காதீர்கள், சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும்.